மாற்ற மேலாண்மை: நம் பிள்ளைகள் அறிந்துகொள்ள வேண்டிய ஒரு வேலை

(நமது டிரஸ்ட் சார்பில் பொத்தேரியில் நடைபெற்ற மேற்படிப்பு, வேலைவாய்ப்பு வழிகாட்டல் கூட்டத்தில், தனியார் நிறுவனமொன்றில் பணியாற்றும் சகோதரர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். இறுதியில் கேட்கப்பட்ட கேள்விகள் சிலவும் சேர்க்கப்பட்டுள்ளன.)



இஷாவுக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று செயலாளர் பாய் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நான் பார்க்கும் வேலைக்கு ‘சேஞ்ச் மேனேஜ்மென்ட்’ என்று பெயர். தமிழில் மாற்ற மேலாண்மை என்று எழுதுகிறார்கள். இந்த வேலைக்கு வந்து பல வருடம் ஆகிவிட்டது. இன்னும் என் அம்மாவுக்கு நான் என்ன செய்கிறேன் என்று தெரியாது. “கம்ப்யூட்டரா?” என்பார். இல்லை என்பேன். “கணக்கா?” அதுவும் இல்லை. “அப்ப சும்மா பேசிட்டு வர்றதுக்கா சம்பளம் தர்றாங்க?” என்று கேட்பார். பாதி உண்மைதான். ஆனால் பேசுவதைவிடக் கேட்பதுதான் அதிகம்.

உங்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை வைத்துச் சொல்கிறேன். இங்கே பொத்தேரியில் தாம்பரம் பக்கம் போகும் ரயிலில் ஏறினால் கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம் தாண்டியதும் கிளாம்பாக்கம். அங்கே புதிய பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. அதுவரை தென் மாவட்டப் பேருந்து என்றால் கோயம்பேடுதான். கோயம்பேடு 2002 நவம்பரில் திறந்தது. அதாவது 21 வருடப் பழக்கம். திருச்சி, மதுரை, திருநெல்வேலி போகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அங்கே போய் நிற்பார்கள்.

புதிய கட்டடம் பெரிது, வசதியானது. அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் முதல் இரண்டு மாதம் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். 2024 ஜனவரி 24 முதல் ஆம்னி பேருந்துகளும் இங்கிருந்துதான் புறப்பட வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. பேருந்து உரிமையாளர்கள் நீதிமன்றம் போனார்கள். பிப்ரவரியில் ஒரு நாள் இரவு, ஊருக்குப் போகப் பேருந்து இல்லை என்று பயணிகள் சாலையில் உட்கார்ந்தார்கள். முனையம் திறந்த அன்று அதை ஒட்டி ரயில் நிலையம் கிடையாது. மாதவரத்தில் இருக்கிற ஒரு குடும்பம், இரண்டு குழந்தை, நான்கு பை, நள்ளிரவில் இங்கே எப்படி வந்து சேரும்? பிறகு மாநகரப் பேருந்துகளைக் கூட்டினார்கள், மக்களும் மெல்லப் பழகினார்கள்.

நமக்கு, இந்த ஜி.எஸ்.டி. சாலைக்காரர்களுக்கு, அது லாபம். கோயம்பேடு வரை போய் அலைய வேண்டியதில்லை. மாதவரத்துக்காரருக்கு நஷ்டம். கோயம்பேட்டில் டீக்கடை வைத்திருந்தவருக்கு வேறு மாதிரி நஷ்டம். அங்கேயே பணிமனை கட்டி வைத்திருந்த ஆம்னி உரிமையாளருக்கு இன்னொரு நஷ்டம். மூட்டை தூக்குகிறவருக்கு, ஆட்டோ ஓட்டுகிறவருக்கு, ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று. மாற்றம் ஒன்றுதான். அதில் யார் எதை இழக்கிறார், எப்போது இழக்கிறார், அதற்கு என்ன ஏற்பாடு என்று முன்கூட்டியே பட்டியல் போட்டு, அந்த மனிதர்களைப் போய்ப் பார்த்து, அவர்கள் சொன்னதை மேலே எடுத்துச் சொல்லி, திட்டத்தைத் திருத்த வைப்பது என்று ஒரு வேலை இருக்கிறது. அதுதான் நான் பார்க்கும் வேலை. நான் பேருந்து நிலையத்துக்குச் செய்யவில்லை, கம்பெனிகளுக்குச் செய்கிறேன்.

ஒரு தொழிற்சாலை காகிதப் பதிவேட்டை விட்டுக் கம்ப்யூட்டருக்கு மாறும். இரண்டு வங்கிகள் ஒன்றாகும். சென்னையில் தலைமையகம் உள்ள இந்தியன் வங்கியோடு அலகாபாத் வங்கி 2020 ஏப்ரல் 1 அன்று இணைந்தது. அது ஊரடங்கு நேரம் என்பதை மறந்துவிடாதீர்கள். ஒரு மருத்துவமனை நோயாளிக் குறிப்புகளை டேப்லட்டில் எழுதச் சொல்லும். ஒரு அலுவலகம் ஓ.எம்.ஆரிலிருந்து மகிந்திரா சிட்டிக்கு இடம் மாறும். ஒவ்வொன்றிலும் மென்பொருள் எழுத ஆள் உண்டு, கட்டடம் கட்ட ஆள் உண்டு. உள்ளே வேலை பார்க்கும் மனிதர்கள் அந்த மாற்றத்தோடு வந்து சேர்வதைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டும் என்று பெரிய நிறுவனங்கள் நஷ்டப்பட்டுத்தான் தெரிந்துகொண்டன.

நானும் நஷ்டப்படுத்தித்தான் கற்றுக்கொண்டேன். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்வது சரியல்ல.

நான் இந்த வேலைக்கு வந்த புதிது. ஒரு உதிரிபாகத் தொழிற்சாலை, பெயர் வேண்டாம். அங்கே ஸ்டோர் ரூமில் கையால் எழுதும் லெட்ஜர். அதை எடுத்துவிட்டு, பார்கோடு படிக்கும் கையடக்கக் கருவி கொண்டு வந்தார்கள். அதை ஊழியர்கள் பயன்படுத்தும்படி செய்வது என் பொறுப்பு. நான் என்ன செய்தேன் தெரியுமா? அழகாக மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன். ஆங்கிலத்தில் போஸ்டர் ஒட்டினேன். இரண்டு மணி நேரம் பயிற்சி கொடுத்தேன். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். முடிந்தது என்று நினைத்தேன்.

ஸ்டோர் கீப்பராக ஒரு அண்ணன் இருந்தார். 22 வருட சர்வீஸ். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அவர் மேஜைக்குக் கீழே பழைய லெட்ஜர் இருக்கிறது, தினமும் எழுதுகிறார். கருவி சார்ஜில் போட்டபடியே கிடக்கிறது. மேலே இருப்பவர்கள் “அவர் மாற மறுக்கிறார், பழைய ஆள்” என்றார்கள். நானும் தலையாட்டினேன். அவருக்கு இன்னொரு முறை பயிற்சி ஏற்பாடு செய்தேன். உட்கார்ந்தார், கேட்டார், போனார். லெட்ஜர் அப்படியே இருந்தது.

மூன்று மாதம் கழித்து அவர் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டார். கடைசி நாளில் டீ குடிக்கும்போதுதான் முதல் முறையாக அவரிடம் கேட்டேன், “அண்ணே, அந்தக் கருவி ஏன் உங்களுக்குப் பிடிக்கவில்லை?” அவர் சொன்னார்: “பாய், எந்த போல்ட் எங்க இருக்குன்னு இருபது வருஷமா எல்லாரும் எங்கிட்டதான் வந்து கேட்டாங்க. ஜி.எம். கூட வருவாரு. இனிமே இந்தப் பெட்டிகிட்ட கேப்பாங்க. அப்புறம் நான் எதுக்கு?”

எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. அவருக்குக் கருவியை இயக்கத் தெரியாமல் இல்லை. அவருடைய மரியாதை போகிறது. அதை யாரும் அவரிடம் கேட்கவில்லை, சம்பளம் வாங்கும் நானும் கேட்கவில்லை. அவரைக் கருவிக்குப் பொறுப்பாளராக, மற்ற ஷிப்ட்காரர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவராக வைத்திருந்தால் அவர் இருந்திருப்பார். அவர் போன பிறகு ஒரு வருடம் அந்த ஸ்டோரில் பொருள் கிடைக்காமல் திண்டாடினார்கள். கருவியில் இல்லாத பாதி விவரம் அவர் தலையில் இருந்தது.

பிறகு இந்தத் துறையின் புத்தகங்களைப் படித்தபோது, என் தவறை அமெரிக்காவில் எழுபது, எண்பது வருடம் முன்பே ஆராய்ச்சி செய்து எழுதி வைத்திருப்பது தெரிந்தது. கர்ட் லெவின் என்று ஒருவர். ஜெர்மனியிலிருந்து வெளியேறி 1933-இல் அமெரிக்கா போன யூத உளவியலாளர். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அங்கே நல்ல இறைச்சிக்குத் தட்டுப்பாடு. மாட்டின் இதயம், குண்டிக்காய் போன்ற உள்ளுறுப்புகளைச் சமைக்கும்படி இல்லத்தரசிகளைச் சம்மதிக்க வைக்க வேண்டும். நமக்கு இதில் என்ன சிரமம் என்று தோன்றும், ஈரல் வறுவல் இல்லாத வீடு உண்டா? அவர்களுக்கு அது அருவருப்பு. லெவின் பெண்களைக் குழுக்களாகப் பிரித்தார். சில குழுக்களுக்கு நல்ல சொற்பொழிவு: சத்து, நாட்டுப்பற்று, சமையல் குறிப்பு எல்லாம் உண்டு. மற்றக் குழுக்களில் பெண்கள் தங்களுக்குள் பேசினார்கள்: வீட்டுக்காரர் என்ன சொல்வார், வாடை அடிக்குமே, குழந்தை தொடாதே என்று. பேசிவிட்டு அவர்களே முடிவெடுத்தார்கள். பிறகு விசாரித்தபோது, சொற்பொழிவு கேட்டவர்களில் நூற்றுக்கு 3 பேர்தான் சமைத்திருந்தார்கள். பேசி முடிவெடுத்தவர்களில் 32 பேர்.

நான் அனுப்பிய மூன்று மின்னஞ்சலும் அந்தச் சொற்பொழிவுதான். (இன்று நான் உங்களுக்குச் செய்வதும் சொற்பொழிவுதான். அதனால்தான் கடைசியில் கேள்விக்கு நேரம் கேட்டேன்.)

அடுத்தது 1948-இல் வெளிவந்த ஆராய்ச்சி. வர்ஜீனியா மாநிலத்தில் ஹார்வுட் என்ற பைஜாமா தைக்கும் ஆலை. நம் தாய்மார்களில் தையல் தெரிந்தவர்கள் இருப்பீர்கள், உங்களுக்கு நன்றாகப் புரியும். வேலை முறையை அடிக்கடி மாற்றுவார்கள். மாற்றும்போதெல்லாம் உற்பத்தி விழும், பெண்கள் வேலையை விட்டுப் போவார்கள். கோச், ஃபிரெஞ்ச் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழுவிடம், “இனிமேல் இப்படித்தான்” என்று வழக்கம்போல் அறிவித்தார்கள். வேறு குழுக்களில் எல்லோரையும் உட்கார வைத்து, செலவைக் குறைக்க வேண்டியிருக்கிறது, எப்படி மாற்றலாம் என்று கேட்டு, அவர்கள் சொன்னதையும் சேர்த்து முறையை அமைத்தார்கள். அறிவிப்பு மட்டும் கேட்ட குழுவில் 40 நாளுக்குள் நூற்றுக்கு 17 பேர் போய்விட்டார்கள். கலந்து பேசிய குழுக்களில் ஒருவரும் போகவில்லை. உற்பத்தியும் பழைய அளவைத் தாண்டியது.

மஷூரா என்பது நமக்குத் தெரியாத சொல்லா? ஆனால் நம் ஜமாஅத்திலும், நம் வீட்டிலும், முடிவெடுத்த பிறகு கூப்பிட்டுச் சொல்வதற்குத்தான் பல நேரம் மஷூரா என்று பெயர் வைக்கிறோம். இதற்கு மேல் இதைப் பேசினால் என்னை மறுபடி கூப்பிட மாட்டார்கள்.

சரி, பிள்ளைகளுக்கு என்ன திறமை வேண்டும் என்று கேட்டீர்கள்.

முதலாவது கேட்பது. சும்மா காது கொடுப்பதைச் சொல்லவில்லை. ஸ்டோர் கீப்பரிடம் ‘ஏன் பிடிக்கவில்லை’ என்று கடைசி நாளில் கேட்டேனே, அதை முதல் நாளில், அவர் மேஜையில் உட்கார்ந்து, அவர் சொல்லும் வரை காத்திருந்து கேட்பது. எங்கள் துறையில் பலர் பயன்படுத்தும் ஒரு முறை இருக்கிறது, ஜெஃப் ஹயட் என்பவர் வகுத்தது. அதன் சாரத்தை ஐந்து கேள்வியாகச் சொல்லலாம். ஏன் மாறுகிறோம் என்று இவருக்குத் தெரியுமா? மாற விருப்பம் இருக்கிறதா? எப்படிச் செய்வது என்று தெரியுமா? தெரிந்ததைக் கையால் செய்ய முடிகிறதா? சில மாதம் கழித்தும் அதிலேயே நிற்கிறாரா? ஒரு மனிதர் எந்தக் கேள்வியில் தடுக்கி நிற்கிறார் என்று கண்டுபிடிக்காமல் மருந்து கொடுத்தால் என் கதைதான். அந்த அண்ணன் இரண்டாவதில் நின்றார். நான் மூன்றாவதுக்கு மருந்து கொடுத்தேன், அதுவும் இரண்டு தடவை.

அடுத்தது மொழி. இங்கே பெற்றோர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நம் பகுதியில் பாதி வீடுகளில் தமிழ், பாதி வீடுகளில் உருது. உருது பேசும் பிள்ளைகள் கல்லூரியில் அதை வெளியே சொல்லக் கூச்சப்படுகிறார்கள். மறைமலை நகர், ஒரகடம் தொழிற்சாலைகளில் போய்ப் பாருங்கள். பீகார், ஒடிசா, ஜார்கண்ட் பையன்கள் எவ்வளவு பேர்! சூப்பர்வைசர் தமிழில் சொல்கிறார், பலகை ஆங்கிலத்தில் இருக்கிறது, அந்தப் பையன் தலையை மட்டும் ஆட்டுகிறான். வீட்டில் தக்னி பேசும் நம் பிள்ளை அவனோடு பத்து நிமிடம் பேசினால் அவன் மனதில் இருப்பது வெளியே வந்துவிடும். தமிழ், இந்துஸ்தானி, ஓரளவு ஆங்கிலம் மூன்றும் ஒரே ஆளிடம் இருப்பது இந்தச் சாலையில் பெரிய சொத்து. ஆங்கிலம் வேண்டும், மறுக்கவில்லை. மேலதிகாரிகளுக்கு அறிக்கை ஆங்கிலத்தில்தான் போகும். ஆனால் ஆங்கிலம் மட்டும் உள்ள பிள்ளை இந்த வேலையில் பாதி தூரம்தான் போக முடியும்.

மூன்றாவது எழுத்து. ஒரே பக்கத்தில், என்ன மாறுகிறது, எந்தத் தேதியில், உங்களுக்கு என்ன மாறுகிறது, சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்று எழுதத் தெரிய வேண்டும். எளிதாகத் தோன்றும். இன்று வீட்டுக்குப் போய் உங்கள் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையைப் படித்துப் பாருங்கள், தேதி இருக்கும், நேரம் இருக்காது.

கணக்கும் வேண்டும். எக்செல் நன்றாகத் தெரிய வேண்டும். எத்தனை பேர் புதிய முறைக்கு வந்தார்கள், எத்தனை பேர் வரவில்லை, எந்த ஷிப்டில் தவறு அதிகம் என்று எண்ணிக் காட்டினால்தான் மேலே இருப்பவர் நம்புவார். ‘மக்கள் வருத்தப்படுகிறார்கள்’ என்று சொன்னால் அவருக்கு ஒன்றும் ஆகாது. ‘இரவு ஷிப்டில் 40 பேரில் 11 பேர்தான் உள்ளே நுழைந்திருக்கிறார்கள்’ என்றால் நிமிர்ந்து உட்காருவார்.

இனி கடினமான விஷயம். எல்லா மாற்றமும் புதுக் கருவி வருவது அல்ல. சில நேரம் ஆலையே மூடுகிறது. நம் கண்ணெதிரே நடந்தது. 2021 செப்டம்பர் 9 அன்று ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலை நகர் ஆலை, குஜராத்தின் சனந்த் ஆலை இரண்டையும் சேர்த்துச் சுமார் 4,000 ஊழியர்கள் பாதிக்கப்படுவார்கள் என்றார்கள். 2022 மே கடைசியில் இழப்பீடு போதாது என்று இங்கே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜூலையில் கடைசிக் கார் வெளியே வந்தது. அந்த ஆலையை நம்பி இருந்த உதிரிபாகக் கம்பெனிகள், வேன் ஓட்டியவர்கள், மெஸ் நடத்தியவர்கள் கணக்கில் வரவில்லை. இந்த மண்டபத்திலேயே அதில் அடிபட்ட குடும்பங்கள் இருக்கலாம். இப்போது அதே இடத்தில் என்ஜின் தயாரிக்க 3,250 கோடி ரூபாய் முதலீடு என்று 2025 அக்டோபரில் அறிவித்திருக்கிறார்கள். வந்தால் நல்லது. ஆனால் 2021-இல் 45 வயதில் வேலை இழந்தவருக்கு அந்த அறிவிப்பு எந்த வகையில் உதவும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இப்படிப்பட்ட நேரத்தில் மாற்ற மேலாண்மை பார்க்கிறவன் எந்தப் பக்கம்? கம்பெனி சம்பளம் தருகிறது, எதிரே உட்கார்ந்திருப்பவர் வேலை இழக்கப் போகிறவர். நான் இரண்டு தடவை அப்படி உட்கார்ந்திருக்கிறேன். நம் பிள்ளைகள் இந்தத் துறைக்கு வருவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நான் வைத்துக்கொண்ட கட்டுப்பாடு: ரகசியம் காக்கச் சொன்னதைக் காப்பேன், அது அமானிதம். ஆனால் பொய் சொல்ல மாட்டேன். ‘என் வேலை போகுமா?’ என்று ஒருவர் கேட்டால், ‘அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை, இந்தத் தேதியில் சொல்லிவிடுவார்கள்’ என்பேன். ‘அதெல்லாம் ஒன்றும் இல்லை அண்ணே’ என்று ஒருமுறை சொன்னால் போதும், பிறகு அந்த ஆலையில் எவரும் நம்மை நம்ப மாட்டார்கள், நம்பவும் கூடாது. பொய் சொல்லச் சொன்ன ஒரு மேலாளரிடம் நான் முடியாது என்று சொல்லியிருக்கிறேன். வேலை போகவில்லை, ஆனால் அந்த வருடம் உயர்வு வரவில்லை. வீட்டில் சொன்னபோது என் மனைவி, “சரி, பெருநாளைக்கு ஒரு செட் துணி குறையும், அவ்வளவுதானே” என்றார்.

இந்த வேலைக்கு எப்படிப் போவது? 21 வயதில் பட்டம் வாங்கிய உடனே ‘சேஞ்ச் மேனேஜர்’ என்று யாரும் எடுக்க மாட்டார்கள். எடுக்கவும் கூடாது, ஒரு ஆலையை, ஒரு அலுவலகத்தை உள்ளே இருந்து பார்க்காத பிள்ளை மற்றவர்களுக்கு என்ன சொல்லும்? மனிதவளத் துறை, பயிற்சித் துறை, ஹெல்ப் டெஸ்க், மென்பொருள் சோதனை, பிசினஸ் அனலிஸ்ட் இப்படி ஏதாவது ஒரு வாசலில் நுழையுங்கள். மூன்று நான்கு வருடம் வேலை பாருங்கள். உங்கள் கம்பெனியில் ஏதாவது புதிய முறை வரும்போது, ‘மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன்’ என்று கையைத் தூக்குங்கள். பெரும்பாலும் யாரும் போட்டிக்கு வர மாட்டார்கள். அப்படித்தான் நான் வந்தேன். ஐ.டி. சேவை நிறுவனங்கள், ஆலோசனை நிறுவனங்கள், வெளிநாட்டு கம்பெனிகள் சென்னையில் வைத்திருக்கும் பெரிய அலுவலகங்கள், வங்கிகள், எல்லாவற்றிலும் இந்த வேலை உண்டு. பெயர் மட்டும் இடத்துக்கு இடம் மாறும்.

சான்றிதழ் படிப்புகள் பற்றி ஒரு எச்சரிக்கை. இந்தத் துறைக்குச் சர்வதேசச் சான்றிதழ்கள் இருக்கின்றன, மதிப்பும் இருக்கிறது. ஆனால் கட்டணம் அதிகம். கல்லூரிப் பிள்ளைக்கு அது தேவையில்லை. நகையை அடகு வைத்தோ, வட்டிக்கு வாங்கியோ அந்தச் சான்றிதழை வாங்க வேண்டாம். நாலு வருட அனுபவம் இருந்தால் பல இடங்களில் கம்பெனியே பணம் கட்டி அனுப்பும். அனுபவம் இல்லாமல் சான்றிதழ் மட்டும் காட்டினால் நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். நான் நேர்காணல் எடுக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

கேள்விகளுக்குப் போகலாம்.

ஒரு தந்தை: “என் மகன் பி.காம். படிக்கிறான். எம்.பி.ஏ. கட்டாயம் வேண்டுமா?”

கட்டாயம் இல்லை பாய். இருந்தால் பெரிய ஆலோசனை நிறுவனங்களில் நுழைய உதவும். ஆனால் பட்டம் முடித்த உடனே லட்சக்கணக்கில் கட்டி எம்.பி.ஏ. சேர்ப்பதைவிட, இரண்டு மூன்று வருடம் வேலைக்கு அனுப்பிவிட்டு அவனே கேட்டால் சேருங்கள். அப்போது அவனுக்கு வகுப்பில் சொல்வது புரியும்.

ஒரு கல்லூரி மாணவர்: “ஏ.ஐ. வந்துவிட்டால் இந்த வேலையும் போய்விடாதா?”

அறிவிப்பு எழுதுவது, பயிற்சிக் குறிப்பு தயாரிப்பது, இந்த வேலைகளில் பெரும்பகுதியை அது செய்துவிடும், இப்போதே செய்கிறது. நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் ஏ.ஐ. ஒவ்வொரு அலுவலகத்துக்கும் வரும்போது, அங்கே ஒரு ஸ்டோர் கீப்பர் அண்ணன் மேஜைக்குக் கீழே லெட்ஜர் வைத்திருப்பார். அவரோடு டீ குடிக்க ஆள் வேண்டும். எழுதத் தெரிவதை மட்டும் நம்பி இந்தத் துறைக்கு வராதீர்கள் என்று உங்களுக்குச் சொல்வேன்.

பெரியவர் ஒருவர்: “இதெல்லாம் கம்பெனிக்காரர்களுக்கு. நமக்கு இதில் என்ன?”

ஹஜ்ரத், போன வருடம் வக்ஃபு சொத்து விவரங்களை ‘உமீத்’ இணையதளத்தில் ஏற்றச் சொன்னார்களே, அது நினைவிருக்கும். 2025 ஜூன் 6 அன்று தொடங்கினார்கள், ஆறு மாதம் கெடு. சட்டம் பற்றிய விவாதம் வேறு, அதை விவரம் தெரிந்தவர்கள் பேசட்டும். நான் அந்த ஆறு மாதத்தைச் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு முத்தவல்லி, வயது எழுபதுக்கு மேல். பள்ளிவாசல் இடத்தின் பத்திரம், பழைய ரசீது எல்லாம் ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தார். கடைசி மாதம் வரை யாரிடமும் கொடுக்கவில்லை. எல்லோரும் அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது என்று நினைத்தார்கள். உண்மையில் அவருக்குப் பயம். பெட்டியைக் கொடுத்தால் காகிதம் தொலைந்துவிடும், பின்னால் பழி தன் மேல் வரும் என்று. பி.எஸ்சி. படிக்கும் ஒரு பெண் பிள்ளை, அவருடைய பேத்தி, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒவ்வொரு தாளையும் அவர் கையாலேயே எடுத்து வைக்கச் சொல்லிப் போனில் படம் எடுத்தாள். பெட்டி வீட்டை விட்டு வெளியே போகவே இல்லை. நாலு நாளில் முடிந்தது. நான் இத்தனை வருடம் படித்து, அடிபட்டுக் கற்றதை அந்தப் பிள்ளை சும்மா செய்துவிட்டாள். அவளிடம் இந்தத் துறையைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு தாய்: “என் மகள் நன்றாகப் படிக்கிறாள், ஆனால் நாலு பேர் முன்னால் பேச மாட்டாள். அவளுக்கு இது சரிப்படுமா?”

அம்மா, மேடையில் பேசுகிறவர்கள் எங்கள் துறையில் நிறைய இருக்கிறார்கள், எங்களுக்குத் தட்டுப்பாடு அவர்களில் இல்லை. ஒரு ஆளோடு ஒரு ஆளாக உட்கார்ந்து பேச முடிகிறதா என்று பாருங்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி அவளிடம் மனம் விட்டுப் பேசுகிறாரா? அப்படியென்றால் சரிப்படும். மேடைப் பேச்சு பழகினால் வரும், மூன்று வருடத்தில் எனக்கே வந்துவிட்டது. திருமணத்துக்குப் பிறகு இடைவெளி விட்டுத் திரும்பி வரும் பெண்களுக்கும் பயிற்சி, ஆவணம் தயாரித்தல் போன்ற பிரிவுகளில் வாய்ப்பு இருக்கிறது, சில இடங்களில் வீட்டிலிருந்தே செய்யலாம். எல்லா இடத்திலும் என்று சொல்ல மாட்டேன்.

செயலாளர் பாய் கடிகாரத்தைக் காட்டுகிறார். அவர் சார்பில் ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த வருடம் முதல் டிரஸ்ட்டின் கல்வி உதவி விண்ணப்பத்தைக் காகிதத்துக்குப் பதிலாகப் போனில் நிரப்பும்படி மாற்றுகிறார்கள். போன வருடம் விண்ணப்பித்த தாய்மார்களில் பலர் ஆளரவம் இல்லாமல் வந்து, செயலாளரிடம் நேரில் பேசி, கண் கலங்கி, படிவத்தைக் கொடுத்துவிட்டுப் போனவர்கள். போனில் யாரிடம் பேசுவார்கள்? அவர்களை வீட்டிலேயே போய்ப் பார்க்க ஆறு பிள்ளைகள், முடிந்தால் மூன்று பேர் பெண் பிள்ளைகள், வேண்டும். நிரப்பிக் கொடுப்பதற்கு முன் அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகளை நான் எழுதித் தருகிறேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பழகலாம். பெயர் கொடுப்பவர்கள் வாசலில் நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள், போன் நம்பரோடு.

இஷாவுக்கு பாங்கு சொல்லப் போகிறார்கள். அஸ்ஸலாமு அலைக்கும்.